மூணு தண்ணி மாப்பிள்ளை

அந்த வீட்டில் திட்டு வாங்காமல் எவருக்கும் ஒரு பொழுது கழிந்ததில்லை. ஒரே ஒருவரைத் தவிர. காலையில் பால் பொங்கி வழிந்தால் மகளுக்குத் திட்டு. பொங்கத் தாமதமானால் அடுப்புக்குத் திட்டு. பேருந்து ஓட்டுநராகிய மகன், வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றும் திரும்பும்போது ஒன்றுமாகத் தவறாமல் பெற்றுக்கொள்வான். மாடிப்படியில் வந்து படுக்கும் அடுத்த வீட்டுப் பூனைகூடத் தன் பங்கைப் பெறாமல் நகர்ந்ததில்லை. வீட்டின் தலைவியாகிய அத்தை அவ்வளவு தாராள மனத்தினர். அவருடைய திட்டில் கோபம் கால் பங்கு, பாசம் முக்கால் பங்கு என்பதை அறிந்தவர்கள், அதை வாங்கிக்கொண்டு, சோற்றையும் உண்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

திட்டு வாங்காத அந்த ஒருவர், வீட்டு மாப்பிள்ளை.

மணமானவுடன் தனிக்குடித்தனம் போவதாகத்தான் ஏற்பாடு. பார்த்துவைத்த வீட்டில் குழாய் வேலை முடியாததால், "மூணு மாசம் இங்கயே இருங்களேன்" என்று அத்தை அழைத்தார். மூன்று மாதம் இப்போது எட்டு மாதமாகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் மாப்பிள்ளை செய்யாத பிழை இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அத்தையின் மூக்குக் கண்ணாடி மீது உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த சர்க்கரை ஜாடியை முழங்கையால் தட்டி உடைத்தார். சர்க்கரையும் கண்ணாடித் துண்டுகளும் அறை முழுவதும் சிதறின.

"பரவாயில்ல மாப்பிள்ளை, பழைய ஜாடிதான். கால்ல குத்திடப் போகுது, நீங்க தள்ளி நில்லுங்க" என்றார் அத்தை, பஞ்சு போன்ற குரலில். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா! ஜாடிய ஓரத்துலயா வைப்ப? உன் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"நான் வைக்கவே இல்லயேம்மா!"

"வைக்காதவன் வாய மூடிக்கிட்டு வெளக்குமாத்த எடுத்துட்டு வா."

துடைப்பத்துடன் குனிந்து நின்ற மைத்துனனைப் பார்த்து மாப்பிள்ளை பொறாமைப்பட்டார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆயினும் அது உண்மை.

"உங்கம்மா என்னை ஒரு தடவையாவது திட்டுவாங்களா?" என்று அன்று மாலை மனைவியிடம் கேட்டார்.

மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை ஒன்றுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தவள், பல்லிடுக்கில் இருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "அவனவன் எங்கம்மா வாய்க்குத் தப்பிக்க வழி தேடறான். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"வீட்டு ஆளுங்களதான் திட்டறாங்க. விருந்தாளிய யாரும் திட்டறதில்ல. எட்டு மாசமா நான் விருந்தாளியாவே இருக்கேன். உபசாரம் வாங்கி வாங்கி எனக்கு முதுகே கூனிப்போச்சு."

"அவ்வளவுதானே, நான் திட்டறேன். வாங்கிக்கோங்க."

"நீ திட்டறதெல்லாம் சேத்தி இல்ல."

அத்தையின் அளவு கடந்த மரியாதைக்குக் காரணம் ஒன்று உண்டு. அது ஒரு சொல்லால் விளைந்த வினை.

மாப்பிள்ளை ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் கலன்களைக் கழுவும் பணியில் இருப்பவர். குடுவைகள், குப்பிகள், விரலளவு மெலிந்த குழாய்கள் என நாளொன்றுக்கு நானூறுக்குக் குறையாமல் அவர் கைவழியே செல்லும். சோப்பு போட்டுத் தேய்த்தபின் ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசவேண்டும்: முதல் தண்ணீர் நுரையைப் போக்க, இரண்டாம் தண்ணீர் நுரையின் மிச்சத்தைப் போக்க, மூன்றாவதான காய்ச்சி வடித்த தண்ணீர் முதல் இரண்டு தண்ணீரின் உப்பைப் போக்க. இதில் ஒன்று குறைந்தாலும் மனம் ஆறாத மனிதர் என்பதால் உடன் பணிபுரிவோர் அவருக்கு 'மூணு தண்ணி' என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள்.

பெண் கொடுக்குமுன் விசாரிக்க வேண்டுமே என்று அத்தை தாமே அந்தக் கூடத்தின் வாசலுக்குப் போனார். அங்கிருந்த காவலாளி வெள்ளை மனத்துடன் விடை கூறினார்.

"அவரா? தங்கமான மனுஷன் ஆச்சே! மூணு தண்ணி ஆகாம எடத்த விட்டு நகர மாட்டாரு."

"தினமுமா?" என்றார் அத்தை, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு.

"தினமும்தான். லீவு நாள்ல வீட்டுலயும் அப்படித்தானாம். பழக்கம் விடுமா?"

அத்தை போன வேகத்தில் திரும்பினார். குடிகாரனுக்குப் பெண் இல்லை என்று சொல்லியனுப்பினார். பத்து நாள் மகளுக்கு ஒரே அழுகை. இறுதியில், கூடத்தின் மேலாளரே ஒரு குடுவையும் கையுமாக வந்து, மூன்று தண்ணீருக்கும் தனித்தனியே விளக்கம் அளித்தபின் திருமணம் கூடிற்று. ஐயம் தீர்ந்தது; ஆனால் அத்தையின் வெட்கம் தீரவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதரைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டோமே என்ற அந்த வெட்கத்தைத்தான், அவர் எட்டு மாதமாக மரியாதையாக்கிப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. எந்தக் கண்ணாடிப் பொருளைக் கையில் எடுத்தாலும், அறியாமலே அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே விரிப்பாக வழியும். எண்ணெய்ப் பசை இருந்தால் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஒரு நாள் பகலுணவின்போது கண்ணாடி டம்ளரைச் சன்னலுக்கு நேராகத் தூக்கினார். முத்துகள் தெரிந்தன. அதே நேரத்தில், டம்ளருக்கு அப்பால் அத்தையின் முகமும் தெரிந்தது.

"என்ன மாப்பிள்ளை? டம்ளர்ல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லத்தை. சும்மா... வெளிச்சம் நல்லா இருக்கேன்னு பாத்தேன்."

பொய் சொல்லத் தெரியாத முகம் அவருடையது. மறுநாளே புத்தம் புதிய டம்ளர் ஒன்று, மேலே தட்டு மூடி, அவருக்கென்று தனியே வைக்கப்பட்டிருந்தது. மற்றவர் எவரும் அதைத் தொடக்கூடாதாம்.

"தனி நாற்காலி ஆச்சு, தனி டம்ளர் ஆச்சு. இனிமே உங்கள சுத்திக் கயிறு கட்டி டிக்கெட் போட்டுக் காட்ட வேண்டியதுதான் மாமா" என்றான் மைத்துனன்.

"டேய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு? நாக்க இழுத்து வச்சுத் தச்சிடுவேன்" என்று உள்ளிருந்து அவனுக்கு ஒன்று கிடைத்தது. மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். விருந்தாளியாக இருந்தவர் இப்போது அரும்பொருள் ஆகிவிட்டார். இதற்கு மேலும் கைகட்டிக்கொண்டிருந்தால், இந்த வீட்டில் தாம் என்றைக்கும் ஓர் அயலார்தான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

வாய்ப்பு, காய் நறுக்கும் கத்தியின் வடிவில் வந்தது. அத்தையின் கட்டைவிரலில் ஆழமாக வெட்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டார் செவிலியர். மகளுக்கோ சீருடை வேலை தலைக்கு மேல். மகனுக்கு வண்டி. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"அத்தை, ஒரு வாரம் பாத்திரத்த நான் பாத்துக்கறேன்."

"ஐயையோ, நல்லா இருக்கே கத! மாப்பிள்ளை கைல சட்டியக் குடுத்துட்டு நான் கால நீட்டிக்கிட்டு உக்காரவா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"சன்னல சாத்திடலாம் அத்தை."

"அம்மா, அவரு சம்பளம் வாங்கறதே கழுவறதுக்குத்தான். ஒரு வாரம் நமக்கு இலவசமாக் கழுவட்டுமே" என்று தையல் பொறிக்குப் பின்னாலிருந்து மகள் குரல் கொடுத்தாள். அத்தை அரைமனதாக வழிவிட்டார்.

அத்தையின் முறை எளியது. வீட்டிலேயே பெரிய பாத்திரம் எதுவோ, அதிலிருந்து தொடங்குவார். "பெருசு ஒழிஞ்சா மனசு லேசாயிடும்" என்பது அவர் கொள்கை. டம்ளர்களின் முறை வரும்போது தொட்டித் தண்ணீரில் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும். மாப்பிள்ளை இதைத் தலைகீழாகத் திருப்பினார். மிச்சம் மீதியை வழித்தெடுத்துவிட்டு, எண்ணெய் படாத டம்ளர்களை முதலிலும், அடுத்துக் கரண்டிகளையும், பிறகு தட்டுகளையும், எண்ணெய்ப் பாத்திரங்களைக் கடைசியிலும் வரிசைப்படுத்தினார். இடப்பக்கம் சோப்புத் தண்ணீர், நடுவில் அலசும் வாளி, வலப்பக்கம் குழாய். டம்ளர்களைத் துணியால் துடைக்காமல் சாய்த்துக் கவிழ்த்து, காற்றில் உலரவிட்டார். நீர் ஒரே விரிப்பாக வழிந்தது. அதைக் கண்டு அவர் மனமும் விரிந்தது.

நான்கு நாட்கள் இவ்வாறு இனிதே நடந்தன. அத்தை மட்டும், கட்டுப் போட்ட விரலைக் கொடி போல உயர்த்திப் பிடித்தபடி, சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் திறக்கும், மூடும். டம்ளர்கள் கூடையை நிறைத்துவிட்டதால், பெரிய பாத்திரங்களை மாப்பிள்ளை தரையில் துணி விரித்துக் கவிழ்த்தார். அதைக் கண்டு, "மாப்பிள்ளை, அந்தப் பெரிய சட்டி..." என்று தொடங்கிய அத்தை, எதையோ விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு" என்று முடித்தார்.

ஐந்தாம் நாள் மாப்பிள்ளைக்கு விடுமுறை. காலைப் பாத்திரங்கள் முடிந்தபின்னும் கை துறுதுறுத்தது. அப்போது அவர் கண்ணில், அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய இரும்பு வாணலி பட்டது. உள்ளும் புறமும் கன்னங்கரேலென்று இருந்தது. கண்ணாடியுடன் வாழ்ந்த மனிதருக்கு, கறுப்பு என்றால் அழுக்கு. வேறு பொருள் கிடையாது. எட்டு மாதத்து நன்றிக்கடனையெல்லாம் இதில் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்து, கம்பிநாரும் சோப்புத் தூளுமாக உட்கார்ந்தார். தேய்த்தார், தேய்த்தார், தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகும்வரை தேய்த்தார். ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் வாணலி, பட்டறையிலிருந்து நேற்றுத்தான் வந்ததுபோல் வெளிறிப் பளபளத்தது. அதை மேசை நடுவே வெள்ளைத் துணியின்மேல் எழுந்தருளச் செய்துவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் வாங்களேன்!" என்று அழைத்தார்.

மனைவி கையில் கத்தரியோடு வந்தாள். மைத்துனன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். அத்தை வந்து, குனிந்து பார்த்தார்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"உங்க வாணலிதான் அத்தை."

"என் வாணலி கறுப்பால்ல இருக்கும்?"

"அது அழுக்கு அத்தை. பூராவும் எடுத்துட்டேன்."

அத்தை வாணலியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அணை உடைந்தது.

"அழுக்கா? டேய்! அது அழுக்காடா? இருபத்திரண்டு வருஷம்டா! தினம் கொஞ்சம் கொஞ்சமா எண்ணெ காட்டி, சூடு காட்டி, குழந்த மாதிரி பழக்கி வச்சிருந்தேன்டா! எவன்டா உன்ன அதத் தொடச் சொன்னது? கண்ணாடி கழுவறவனுக்கு இரும்பப் பத்தி என்னடா தெரியும்? இனிமே அதுல ஒரு முட்ட போட முடியுமா? போட்டா உளி வச்சுத்தான்டா பேத்து எடுக்கணும்! எரும மாடு மாதிரி வளந்திருக்கியே, ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சா? மூள இருக்கா, இல்ல அதையும் நாரப் போட்டுத் தேச்சுட்டியா?"

மைத்துனன் போட்ட பித்தானை மறுபடி கழற்றிக்கொண்டிருந்தான். கை செய்வது இன்னதென்று அவனுக்கே தெரியவில்லை. மனைவி கத்தரி பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு வாணலியை நினைத்து வருத்தம் உண்டாயிற்று, உண்மையாகவே உண்டாயிற்று. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியிலிருந்து வேறொன்று பொங்கி மேலே வந்து, அவர் முகமெங்கும் பரவிவிட்டது.

"சிரிப்பு வேற வருதா உனக்கு?" என்று கத்திய அத்தை, அந்தச் சிரிப்பைக் கண்டபின்தான் தாம் யாரைப் பார்த்து என்ன சொன்னோம் என்பதை உணர்ந்தார். கட்டுப் போட்ட விரலோடு கையை வாயில் வைத்துக்கொண்டு, தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பகல் முழுவதும் அக்கதவு திறக்கவில்லை. மாலையில் உள்ளே சென்று வந்த மனைவி, முகத்தை நீட்டிக்கொண்டு திரும்பினாள். "அம்மா ஒரே அழுக. மாப்பிள்ளைய வாடா போடான்னுட்டேனேன்னு. நாளைக்குக் காலைல உங்ககிட்ட முறையா மன்னிப்பு கேக்கப் போறாங்களாம்."

"மன்னிப்பா? குடி கெட்டுது!" என்று மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். முன்பு ஒரு வெட்கத்துக்கே எட்டு மாதம் உபசாரம். அதன்மேல் இன்னொரு வெட்கமும் ஏறினால் வாழ்நாள் முழுவதற்கும் மீட்சி இல்லை. "இப்பவே 'வாங்க போங்க'. மன்னிப்பும் கேட்டுட்டா அப்புறம் 'தாங்கள்'தான்! எப்படியாவது தடுக்கணும்."

"ஒரே வழிதான் மாமா" என்றான் மைத்துனன். "எங்கம்மா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நீங்க சண்டைய ஆரம்பிச்சுடுங்க. சண்ட நடக்கும்போது யாரும் மன்னிப்பு கேக்க மாட்டாங்க."

"எனக்குச் சண்ட போட வராதே."

"எங்கம்மா முன்னாடி போய் நில்லுங்க. அதுவா வரும்."

மறுநாள் காலை அத்தை அறையிலிருந்து வெளிப்பட்டார். வெளியே போகும்போது மட்டும் உடுத்தும் புடவை. படிய வாரிய தலை. முகத்தில் அப்படியொரு பணிவு.

"மாப்பிள்ளை, நேத்து நான் ஏதோ..."

"வாணலி விஷயத்துல தப்பு என்மேலதான் அத்தை" என்று மாப்பிள்ளை இடைமறித்தார். குரல் கீச்சென்று வந்தது. "ஒத்துக்கறேன். ஆனா நீங்க பாத்திரம் கழுவற வரிச இருக்கே, அது... அது சுத்த மோசம்!"

தையல் பொறி நின்றது.

"என்னது?" என்றார் அத்தை.

"பெருச முதல்ல கழுவி, அந்த எண்ணெத் தண்ணிலயே டம்ளர முக்கினா எப்படி? எட்டு மாசமா இந்த வீட்டுல எல்லாரும் எண்ணெத் தண்ணிதான் குடிக்கறோம்!"

"எண்ணெத் தண்ணியா? நானா? நான் குடுத்தேனா எண்ணெத் தண்ணி?" அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "சரி, உங்க வரிசப்படியே டம்ளர முதல்ல கழுவிக் கூடைல கவுத்தாச்சு. அப்புறம் பெரிய சட்டிய எங்க வைக்கறதாம்? உங்க தலைலயா? நாலு நாளா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், சட்டி பூரா தரைல. கால் வைக்க எடமில்ல. இருக்கறது ஒரே கூடை. அடில பெருசு போகணும், மேல சிறுசு போகணும். பெருச முதல்ல கழுவினாத்தான் அது அடில போகும். இதுகூடத் தெரியாம நீ..."

அத்தை சட்டென்று நிறுத்தினார். அந்த 'நீ' சமையலறை நடுவில் தனியாக நின்றது.

மாப்பிள்ளை அதை நழுவ விடுவதாக இல்லை. "அதான் துணி விரிச்சேனே! என்ன கெட்டுப்போச்சு?"

"ஈரத் துணில கவுத்தா சட்டி நாறாதா? செய்யறதையும் செஞ்சுட்டு எதுத்தா பேசற?"

மாப்பிள்ளை கூடையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை சொன்னது சரி. பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு குடுவையையும் கவிழ்த்து மாட்டத் தனித்தனி முளை உண்டு. கழுவியதை எங்கே வைப்பது என்று அவர் தம் வாழ்நாளில் எண்ணிப் பார்த்ததே இல்லை. "அட, ஆமா" என்றார், சண்டையை அடியோடு மறந்து. "கூடை ஒண்ணுதானே இருக்கு. நான் இத யோசிக்கவே இல்ல அத்தை."

"நீ எங்க யோசிச்ச? எண்ணெத் தண்ணியப் பத்தி மட்டும் வாய் கிழியப் பேசத் தெரியுது." அத்தை கழுவுதொட்டியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "டம்ளர முதல்லயே கழுவு. கழுவி மேசைமேல கவுத்து. அப்புறம் பெருசக் கழுவிக் கூடைக்கு அடில வை. கடைசில டம்ளரத் தூக்கி மேல அடுக்கு. ரெண்டு தடவ தூக்கற வேலதான். தூக்கட்டுமே, நீதானே தூக்கப் போற."

"விரல் ஆறினதுக்கு அப்புறமுமா?" என்றாள் மகள்.

"ஆறினா என்ன? நல்லாக் கழுவறான், கழுவட்டும். அடுக்கறதுக்குத்தான் கூறு இல்ல. அத நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

இதைச் சொல்லிக்கொண்டே அத்தை வாணலியை எடுத்து, உள்ளங்கையால் தடவி, முகத்தைச் சுளித்தார். பழைய துணி ஒன்றைக் கிழித்து, எண்ணெயில் தோய்த்து, மாப்பிள்ளையின் கையில் திணித்தார்.

"தடவு. தடவிச் சூடு பண்ணணும், ஆற வைக்கணும், மறுபடி தடவணும். பத்து நாளானாலும் சரி, இது கறுக்கற வரைக்கும் உன்ன விடமாட்டேன்."

"பழகிட்டா வாணலி ஒட்டாது. மாமா பாரு, பழகினதும் ஒட்டிக்கிட்டாரு" என்றான் மைத்துனன், கதவோரத்தில் காலணியை மாட்டியபடி.

"உனக்கு வண்டிக்கு நேரமாகலயா? நின்னு வாய் பாக்கறியா?" என்று அவன் பங்கைத் தள்ளிவிட்ட அத்தை, தம் புடவையைக் குனிந்து பார்த்துத் திகைத்தார். "ஆமா, காலங்காத்தால இந்தப் புடவையக் கட்டிக்கிட்டு நான் எதுக்கு வந்தேன்?"

"மன்னிப்பு கேக்கறதுக்கும்மா" என்றாள் மகள்.

"யார்கிட்ட? இவன்கிட்டயா?" அத்தை மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல வாணலியக் கெடுத்துட்டு உக்காந்திருக்கான், இவன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமா? டேய், அழுத்தித் தடவாத. மெல்ல. வட்டமா."

மாப்பிள்ளை மெல்ல, வட்டமாகத் தடவலானார்.